வெள்ளை ரெசினும் சிவப்புச் சாம்பலும்

1. உருண்டு வந்த பீம்

வேலுச்சாமி அண்ணாச்சி பீமை வண்டியிலிருந்து இறக்கவில்லை. உருட்டிவிட்டார். அது மில் வாசல் சரிவில் ஓடி வந்து, முதலாளியின் சைக்கிளை மடக்கிப் போட்டுவிட்டுத்தான் நின்றது.

"ஏ முத்தையா அண்ணாச்சி, வெளிய வாரும்! இது பாவா, இல்ல மாவு மில்லா? தறியில ஏத்தி ரெண்டு தட்டு தட்டல, என் பொண்டாட்டி புருவமெல்லாம் வெள்ளையாப் போச்சு. பக்கத்து வீட்டுக்காரன் 'யாருவே ஒங்க வீட்டுக்கு வந்திருக்க கெழவி'ங்கான். நூலு அங்கங்க அறுந்து தொங்குது. ஒம்ம பீமை நீரே வச்சுக்கிடும்."

விசைத்தறி தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தறியில் பாவு நூல் உரசி உரசி ஓடும். வெறும் நூல் அதைத் தாங்காது. அதனால் முன்கூட்டியே கஞ்சியில் முக்கி, காயவைத்து, பீம் என்ற பெரிய உருளையில் சுற்றிக் கொடுப்போம். அதுதான் சைசிங். பருத்தி நூலுக்கு மரவள்ளி மாவுக் கஞ்சி போதும். எழுபதுகளின் கடைசியில் சங்கரன்கோவிலுக்கு டெரிகாட்டன் நூல் வந்தது. அதில் வெறும் கஞ்சி ஒட்டாது, ரெசின் வேண்டும் என்றார்கள். மதுரை ஏஜென்ட் ஒருவர் வெள்ளைக் குருணை போல ஒரு சரக்கை மூட்டை மூட்டையாக இறக்கினார். மூட்டையின் மேல் ஒரு நம்பர் இருந்தது. உள்ளே இருப்பது என்ன என்று எங்கேயும் இல்லை. கேட்டால் "ஃபார்முலா ரகசியம்" என்று பல்லைக் காட்டுவார்.

அந்த மில்லில் நான்தான் கெமிஸ்ட். திருநெல்வேலியில் பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி படித்தவள். முதலாளி முத்தையா அண்ணாச்சி ஒரு முறை கோயம்புத்தூர் போய் அங்கே ஒரு மில்லில் லேப் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்தார். நமக்கும் ஒன்று வேண்டும் என்று ஆசை. கழிவுப் பஞ்சு போட்டிருந்த அறையைக் காலி செய்து, ஒரு மேஜையும் என்னையும் உள்ளே போட்டார். வாசுதேவநல்லூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவேன். இறங்கியதும் கோமதி அம்மனைக் கும்பிட்டு, கோயிலில் பிரசாதமாகத் தரும் புற்றுமண்ணை நெற்றியில் இட்டுக்கொண்டு நேரே மில்லுக்குப் போவேன்.

மில்லில் எல்லாரும் என்னை டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். படித்த பெண் என்றால் ஒன்று நர்ஸ், இல்லையென்றால் டீச்சர். நான் ஊசி போடவில்லை. ஆகவே டீச்சர். சண்முகவடிவு என்று ஒரு பெயர் இருக்கிறது என்று நான் கத்தியதெல்லாம் பாய்லர் சத்தத்தில் போய்விட்டது.

இதில் எனக்கு வயிற்றெரிச்சல் ஏன் என்றால், வீட்டில் அப்பாவும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார். "இந்தக் கஞ்சி மில்லு வேலை நெலைக்காது. போனதும் பேசாம பி.எட். சேரு." நான் டீச்சராகக் கூடாது. எனக்குப் பிடிக்காது என்பது ஒரு பக்கம். பிள்ளைகளுக்கு ஆகாது என்பது இன்னொரு பக்கம். ஒரே விஷயத்தை இரண்டாவது தடவை சொல்லும்போதே எனக்குக் குரல் உச்சிக்குப் போய்விடும்.

கீழே கிடந்த சைக்கிளை நிமிர்த்தியபடியே முதலாளி என்னைப் பார்த்தார்.

"ஏம்மா டீச்சர், வெள்ளிக்கிழம அந்த ஏஜென்ட் வருதாரு. அதுக்குள்ள இந்தச் சரக்கு என்னதுன்னு நீ சொல்லணும். தப்பு அவரு சரக்குலன்னா எல்லாத்தையும் அவரு தலையில கட்டி அனுப்பிருதேன். ஒன்னால சொல்ல முடியலன்னா..."

"முடியலன்னா ரூமு கழிவுப் பஞ்சுக்கு" என்றார் பக்கத்தில் நின்ற கோமதிநாயகம். முதலாளியின் மைத்துனர். கஞ்சி காய்ச்சும் பகுதி அவர் ராஜ்ஜியம். என் அறையின் மேல் அவருக்கு முதல் நாளிலிருந்தே கண்.

2. ஆளாளுக்கு ஒரு டெஸ்ட்

நான் சாம்பிள் எடுக்கும் முன்னாலேயே மில் முழுக்க அனாலிசிஸ் நடந்து முடிந்துவிட்டது. முதலாளி ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துப் பார்த்து, "உப்பு இல்ல" என்றார். கணக்குப்பிள்ளை முகர்ந்து பார்த்து, "ஃபாரின் வாசந்தான்" என்றார். கோமதிநாயகம் உள்ளங்கையில் வைத்துத் தேய்த்தார்.

"ஜவ்வரிசிய ஒடச்சு அனுப்பிருக்கான் அத்தான். நான் அப்பவே சொன்னேன்."

அவர் அப்பவே சொன்னதை யாரும் கேட்டதில்லை. ஆனால் எது நடந்தாலும் அவர் அப்பவே சொல்லியிருப்பார்.

கோடவுனில் பிரித்து வைத்திருந்த மூட்டைகள் ஒவ்வொன்றிலும் மேலாக ஒரு கரண்டி எடுத்து, தனித்தனிக் குப்பியில் போட்டு, லேபுக்குக் கொண்டுபோனேன்.

முதலில் பர்னிங் டெஸ்ட். தெரியாத பிளாஸ்டிக்கோ ரெசினோ கையில் கிடைத்தால் முதலில் ஒரு சிட்டிகையை ஸ்பிரிட் லேம்ப்பில் காட்டிப் பார்க்க வேண்டும். எப்படி எரிகிறது, உருகுகிறதா, கருகுகிறதா, என்ன வாசம். மாவு என்றால் சோறு அடிப்பிடித்த வாசம் வரும். வஜ்ஜிரம் மாதிரி தோலில் காய்ச்சிய பசை என்றால் முடி கருகிய நாற்றம் வரும். இது இரண்டும் இல்லை. இளகி, பழுப்பாகி, மூக்கில் ஏறும் ஒரு காரப் புகை விட்டது. ஆக, ஜவ்வரிசி இல்லை. கோமதிநாயகத்திடம் சொன்னேன். அதையும் தான் அப்பவே சொன்னதாகச் சொன்னார்.

அடுத்தது சோடியம் டெஸ்ட். சரக்கில் நைட்ரஜன் இருக்கிறதா, குளோரின் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. சின்னக் கண்ணாடிக் குழாயில் சோடியம் துண்டோடு சரக்கைப் போட்டு, செக்கச் செவேல் என்று காயவைத்து, அப்படியே தண்ணீரில் முக்க வேண்டும். குழாய் 'டப்' என்று வெடிக்கும். மிச்சச் சோடியம் தண்ணீரில் தீப்பிடிக்கும். கெமிஸ்ட்ரி படித்தவர்களுக்கு இது சாதாரணம். படிக்காதவர்கள் பக்கத்தில் இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். நான் சொன்னேன். "டப்புனு சத்தம் வரும், பயப்படக்கூடாது" என்று. கேட்டுக்கொண்டார்கள். சத்தம் வந்ததும் ஓடினார்கள். முதலில் ஓடியது கோமதிநாயகம். ஒரு செருப்பு என் லேபிலேயே கிடந்தது.

"அத்தான், இவா மில்லக் கொளுத்திட்டுதான் போவா!"

நைட்ரஜன் இல்லை. குளோரினும் இல்லை.

பிறகு கரைத்துப் பார்த்தேன். பச்சைத் தண்ணீரில் ஊறி உப்பியதே தவிரக் கரையவில்லை. கொதிக்கும் தண்ணீரில் கண்ணாடி மாதிரி கரைந்தது. அதில் அயோடின் விட்டேன். மரவள்ளிக் கஞ்சி என்றால் விட்டதும் நீலமாகும். இது சும்மா பழுப்பாகவே நின்றது. அதிலேயே கொஞ்சம் போரிக் ஆசிட் கரைத்து விட்டேன். விட்டதும் மயில் கழுத்து நிறத்துக்கு மாறிவிட்டது. அதோடு எனக்குச் சந்தேகம் தீர்ந்தது. பாலிவினைல் ஆல்கஹால்.

"ஆல்கஹாலா? மதுவிலக்கு இருக்கையில மூட்டையில கட்டி அனுப்புதானா?" என்று கணக்குப்பிள்ளை எழுந்தே வந்துவிட்டார். இது குடிக்கிற சரக்கு இல்லை என்று சொன்னதும் உட்கார்ந்துகொண்டார்.

கோமதிநாயகம் செருப்பை எடுக்க வந்தவர் மேஜையில் இருந்த போரிக் ஆசிட் பாட்டிலைப் பார்த்தார்.

"டீச்சர், இது கேரம் போர்டு பவுடருல்லா? கொஞ்சம் தா. காய் நகர மாட்டேங்கு."

"தர மாட்டேன். போங்க."

"ஒரு ஸ்பூனு தந்தா கொறஞ்சா போவும்?"

"ஒங்க செருப்பக் கூடத் தர மாட்டேன். போங்கன்னா போங்க."

3. சிவப்புச் சாம்பல்

சரக்கு என்ன என்று தெரிந்துவிட்டது. அது டெரிகாட்டனுக்கு ஏற்ற சரக்குதான். அப்படியென்றால் ஏன் மாவாக உதிர்கிறது? கலப்படம் இருக்க வேண்டும். கலப்படத்தைப் பிடிக்க ஆஷ் டெஸ்ட்.

ஆஷ் டெஸ்ட் என்றால் வேறொன்றும் இல்லை. சரக்கை க்ரூசிபிள் என்ற சின்னப் பீங்கான் கிண்ணத்தில் போட்டு எரித்துச் சாம்பலாக்குவது. சுத்தமான ரெசின் என்றால் பேருக்குத்தான் கொஞ்சம் வெள்ளைச் சாம்பல் மிஞ்சும். எங்கள் லேபில் ஃபர்னஸ் கிடையாது. மண்ணெண்ணெய் பம்ப் ஸ்டவ்தான். அடித்து அடித்துக் கை விட்டுப்போனது. புகையில் கண் இரண்டும் கோவைப்பழம். கடைசியில் க்ரூசிபிளைத் திறந்து பார்த்தால், சாம்பல் சிவப்பாக இருந்தது.

நன்றாகப் பார்த்தேன். செம்பழுப்பு. விரலில் நெருநெரு என்று இருந்தது. ஆசிட்டில் கொஞ்சம் கரைந்தது, மிச்சம் மணலாக அடியில் நின்றது. கரைந்த தண்ணீரில் தயோசயனேட் ஒரு சொட்டு விட்டேன். ரத்தச் சிவப்பு. இரும்பு. இரும்பும் மணலும் சேர்ந்தால் அதற்குப் பெயர் மண்.

இரண்டாவது குப்பியையும் எரித்தேன். மண். மூன்றாவதையும் எரித்தேன். அதிலும் மண்.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. ரகசிய ஃபார்முலா! மூட்டைக்கு மூட்டை மண்ணைக் கலந்து அனுப்பிவிட்டுப் பல்லைக் காட்டியிருக்கிறான். கூடவே மகிழ்ச்சியாகவும் இருந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை. என் அறை பிழைத்தது. பி.எட். ஒழிந்தது.

முதலாளியிடம் க்ரூசிபிளைக் கொண்டுபோய் நீட்டினேன்.

"அண்ணாச்சி, மண்ணு."

"எங்க?"

"ரெசின்ல. எல்லா மூட்டையிலயும். மேலயே இருக்கு. உள்ள எவ்வளவு இருக்கோ!"

அவர் க்ரூசிபிளை வாங்கி வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் சிவந்துவிட்டது.

"படுபாவி. வரட்டும் வெள்ளிக்கிழம."

4. வெள்ளிக்கிழமை

மதுரை ஏஜென்ட் ராஜாராம் வெள்ளைச் சட்டையும் பவுடர் முகமுமாக வந்தார். முதலாளி, கோமதிநாயகம், கணக்குப்பிள்ளை, நான் எல்லாரும் கோடவுனில் காத்திருந்தோம். சண்டை பார்க்க வேலுச்சாமி அண்ணாச்சியும் வந்து ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தார்.

வணக்கம் சொல்லி முடிக்கவே நான் விடவில்லை.

"ஒங்க ரெசின்ல மண்ணு கலந்திருக்கு. இந்தா பாருங்க சாம்பல். இதுக்கு என்ன சொல்லுதீங்க?"

அவர் க்ரூசிபிளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு முதலாளியைப் பார்த்து, "டீச்சர் என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். அவருக்கும் நான் டீச்சர்.

"கெமிஸ்ட்!" என்றேன்.

"சரிங்க கெமிஸ்ட். நீங்க எடுத்தது பிரிச்ச மூட்டை. பிரிச்ச மூட்டைல என்ன விழுந்துச்சோ, யாருக்குத் தெரியும்? என் தையல் பிரியாத மூட்டை ஒண்ணு கொண்டாங்க. எல்லார் முன்னாலயும் பிரிப்போம். அதுல மண்ணு இருந்தா இருக்கிற சரக்கு அம்புட்டையும் நானே தூக்கிட்டுப் போறேன். இல்லேன்னா ஒரு மூட்டைகூடத் திரும்ப எடுக்க மாட்டேன்."

நியாயமான பேச்சுதான். எனக்குப் பயமே இல்லை. மூன்று தடவை எரித்துப் பார்த்தவள் நான்.

புது மூட்டை வந்தது. முதலாளி முன்னால் வந்தார். செருப்பைக் கழற்றினார். சட்டைப் பையிலிருந்து பிளேடை எடுத்துத் தையலை அறுத்தார். வாயை விரித்தார். இன்னொரு பையிலிருந்து ஒரு சின்னத் தகர டப்பாவை எடுத்தார். திறந்தார். ஐந்து விரலும் குவித்து எடுத்ததை மூட்டைக்குள் மேலாகத் தூவி, கையாலேயே ஒரு கிளறு கிளறிவிட்டார்.

"கோமதி தாயே, நீதான் பாத்துக்கிடணும்" என்று கண்ணை மூடிக் கும்பிட்டார். பிறகு கண்ணைத் திறந்து என்னிடம், "ம், எடும்மா சாம்பிள்" என்றார்.

நான் கரண்டியைக் கீழே வைத்தேன்.

"அண்ணாச்சி" என்றேன். "இப்ப என்ன போட்டீக?"

"எது?"

"டப்பாவுல இருந்து."

"புத்துமண்ணும்மா."

"எல்லா மூட்டையிலயுமா போடுதீங்க?"

"பின்ன? புதுசா எது பிரிச்சாலும் போடுறதுதான. புது மிஷின் வந்தப்பயும் போட்டேன். நீ வந்த அன்னைக்கு ஒன் மேஜை டிராயர்லயும் போட்டேன்."

ஏஜென்ட் ராஜாராம் ஒரு மூட்டையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பில் முகத்துப் பவுடர் கோடு கோடாகப் பிளந்தது. கணக்குப்பிள்ளை சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு குலுங்கினார்.

வேலுச்சாமி அண்ணாச்சி மட்டும் எழுந்து வந்து என் முகத்தை உற்றுப் பார்த்தார்.

"ஏ டீச்சர், மூணு நாளா அடுப்ப ஊதி நீ கண்டுபுடிச்சது ஒன் நெத்தியிலல்லா இருக்கு!"

தொட்டுப் பார்த்தேன். காலையில் இட்டது அப்படியே இருந்தது.

5. வேட்டியைக் கட்டுங்கள்

மூட்டையின் நடுவிலிருந்தும் அடியிலிருந்தும் ஏஜென்டே சாம்பிள் எடுத்துக் கொடுத்தார். எரித்தேன். பேருக்குக் கொஞ்சம் வெள்ளைச் சாம்பல். அவர் சரக்கு சுத்தம். கோமதிநாயகம் அறை வாசலில் நின்று சுவரிலிருந்து சுவருக்குக் கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தார்.

"அத்தான், சாயந்தரமே பஞ்ச எடுத்துப் போட்டுருவமா?"

நெற்றியிலிருந்து உச்சி வரை எனக்கு எரிந்தது. முதலாளி மேல் எரிச்சல், ஏஜென்ட் மேல் எரிச்சல், எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு கேள்வி. சரக்கு சுத்தம் என்றால் பிறகு மாவு ஏன் உதிர்கிறது? முதலாளி ஒரு பொய்யும் சொல்லவில்லை. தான் ஏதோ போடுகிறோம் என்பதே அவருக்குத் தெரியவில்லை. அப்படியென்றால் இந்த மில்லில் வேறு யார் எதை எங்கே போட்டுக்கொண்டிருக்கிறார்கள்?

கஞ்சி காய்ச்சும் இடத்துக்குள் நான் போனதே கிடையாது. ஆவியின் சூட்டில் ஆண்கள் அங்கே அரைக்கால் டிராயரோடு நிற்பார்கள். "டீச்சர் இங்கன வரக்கூடாது" என்று கோமதிநாயகம் முதல் நாளே சட்டம் போட்டிருந்தார். நானும் மூட்டையைச் சோதித்தேனே தவிர, தொட்டியைச் சோதிக்கவில்லை.

வாசலில் நின்று கத்தினேன்.

"ஏலே, எல்லாரும் வேட்டியக் கட்டுங்க. நான் உள்ள வாரேன்!"

உள்ளே தகரம் விழும் சத்தம் கேட்டது. ஆட்கள் ஓடும் சத்தம் கேட்டது. ஒருவர் சாக்கைச் சுற்றிக்கொண்டு நின்றார். எனக்குப் பின்னால் முதலாளி, ஏஜென்ட், வேலுச்சாமி எல்லாரும் வந்தார்கள்.

"மாமா, எங்களுக்கு முன்னால ஒரு தொட்டி காய்ச்சுங்க" என்று கோமதிநாயகத்திடம் சொன்னேன். "தெனமும் எப்படிச் செய்வீகளோ அப்படியே. ஒண்ணும் கூட்டக்கூடாது, ஒண்ணும் கொறைக்கக்கூடாது."

மாமா என்றதும் அவர் கொஞ்சம் குளிர்ந்தார். வேலை தெரிந்தவர்தான், அதில் குறை சொல்ல மாட்டேன். தண்ணீரைக் கொதிக்கவிட்டு, ரெசினைச் சிறுகச் சிறுகத் தூவி, கட்டி விழாமல் கிண்டினார். கண்ணாடி மாதிரி வந்தது. ஏஜென்ட்கூடத் தலையாட்டினார். அப்போது கோமதிநாயகம், போகிற போக்கில், பக்கத்துச் சட்டியிலிருந்து ஒரு கை அள்ளி உள்ளே வீசினார்.

"நில்லுங்க. அது என்னது?"

"எது?"

அவர் அக்கா வீட்டுக்காரர் கேட்ட அதே 'எது'.

"இப்ப அள்ளிப் போட்டது."

"வெங்காரம். கஞ்சி புளிக்காம இருக்க. எங்க அப்பா காலத்துலருந்து போடுறது."

"மரவள்ளிக் கஞ்சி புளிக்கும். இது புளிக்குமா?"

"கஞ்சின்னா கஞ்சிதான டீச்சர்?"

ஏஜென்டின் முகத்தில் இருந்த சிரிப்பு போய்விட்டது. "வெங்காரமா போடுறீங்க?" என்றார் மெதுவாக.

எனக்கு அந்த மயில் கழுத்து நிறம் ஞாபகம் வந்தது. போரிக் ஆசிட் இந்த ரெசினை எட்டிப் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் அந்த நிறம். வெங்காரம், அதாவது போராக்ஸ், போரிக் ஆசிட்டுக்குக் கூடப்பிறந்த அண்ணன். அவன் பிடித்தால் விடவே மாட்டான்.

தொட்டியிலிருந்து ஒரு டம்ளர் எடுத்துப் பச்சைத் தண்ணீர் வாளிக்குள் வைத்து ஆறவிட்டேன். சூட்டில் இது தெரியாது. ஆறினால்தான் காட்டிக்கொடுக்கும். ஆறியதும் டம்ளரைக் கவிழ்த்தேன். கொட்டவில்லை. வழுக்கிக்கொண்டு, ஜவ்வு மாதிரி, மொத்தமாக இறங்கி என் கையில் உட்கார்ந்தது. உருட்டித் தரையில் போட்டேன். துள்ளியது.

வேலுச்சாமி அண்ணாச்சி அதை எடுத்து இழுத்துப் பார்த்தார். "ஏ முத்தையா அண்ணாச்சி, இந்தப் பந்தையா என் நூலுல தடவுனீரு?"

வெங்காரம் போடாமல் இன்னொரு சின்னச் சட்டியில் காய்ச்சினோம். ஆறியும் நீராகவே ஓடியது. எல்லாருக்கும் விளங்கிவிட்டது. நூலில் பட்டு ஆறியதுமே ஜவ்வாகிவிடும் சரக்கு உள்ளே இறங்காது. மேலாகத் தோல் மாதிரி ஒட்டிக் காய்ந்துவிடும். தறியில் உரசியதும் தோல் உடைந்து, வேலுச்சாமி அண்ணாச்சி சம்சாரத்தின் புருவத்தில் போய் உட்காரும்.

"காலையில தொட்டி அடியில ரப்பர் மாதிரி கெடக்கும்" என்றார் சாக்கு கட்டியிருந்தவர். "உரிச்சு வெளிய எறிஞ்சிருவோம். ஃபாரின் சரக்குன்னா அப்படித்தான் இருக்கும்னு கோமதிநாயகம் அண்ணாச்சி சொன்னாரு."

எல்லாரும் கோமதிநாயகத்தைப் பார்த்தார்கள். அன்றைக்கு ஒரு நாள் மட்டும் அவர் எதையும் அப்பவே சொல்லியிருக்கவில்லை.

6. கடைசியாக

வெங்காரம் போடாத முதல் பீம் வேலுச்சாமி அண்ணாச்சி வீட்டுக்குப் போனது. அது திரும்பி வருமா வராதா என்பதில்தான் என் அறை தொங்கியது. நாலைந்து நாள் கழித்து அவர் மட்டும் வந்தார், பீம் இல்லாமல்.

"என்னவே, எப்படி இருக்கு?" என்று கேட்டார் முதலாளி.

"அவ புருவம் கறுப்பாத்தான் இருக்கு. அடுத்த பீமைச் சுத்தும்."

சாயந்தரம் வந்து பார்த்தால் என் லேப் கதவில் பெயின்டர் போர்டு எழுதிக்கொண்டிருந்தான். முதலாளியின் ஏற்பாடு. 'டீச்சர் ரூம்' என்று பெரிய எழுத்தில் முடித்திருந்தான். கத்தினேன். பெயின்ட் காய்ந்துவிட்டது என்றார்கள். நான் அந்த மில்லை விட்டுப் போகும் வரை அதே போர்டுதான். பி.எட். படிக்காமலே டீச்சராகிவிட்டேன் என்று அப்பா எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

இப்போது லேபுக்கு வரும் பிள்ளைகளிடம் விலை கூடிய மிஷின்கள் இருக்கின்றன. சாம்பிளை உள்ளே வைத்தால் கோடு போட்டுக் காட்டிவிடும். அது சரக்கைத்தான் காட்டும், சரக்கில் விழுந்த கையைக் காட்டாது. மூட்டையில் மேலே மட்டும் எடுக்காதீர்கள். நடுவிலும் எடுங்கள், அடியிலும் எடுங்கள். எடுக்கும் முன்னால் அது யார் யார் கையைத் தாண்டி வந்திருக்கிறது என்று பாருங்கள். பாருங்கள் என்றுதான் சொல்கிறேன், கேளுங்கள் என்று சொல்லவில்லை. கேட்டால் "எது?" என்பார்கள். அது பொய் இல்லை. தினமும் செய்கிற காரியம் செய்கிறவனுக்குத் தெரியாது. பக்கத்தில் நின்று பார்த்தால்தான் தெரியும். வேட்டியைக் கட்டச் சொல்லிவிட்டாவது உள்ளே போய் நில்லுங்கள்.

முதலாளி புற்றுமண் போடுவதை நிறுத்தவில்லை. நிறுத்தச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. மூட்டைக்கு வெளியே பூசச் சொன்னேன், அப்படியே செய்தார். நானும் கடைசி நாள் வரை இட்டுக்கொண்டுதான் வேலைக்குப் போனேன். க்ரூசிபிளுக்கு மேல் குனிவதற்கு முன்னால் மட்டும் முந்தானையால் நெற்றியை ஒரு முறை அழுத்தித் துடைத்துக்கொள்வேன்.